அந்த டெஸ்ட் டியூப் கண்ணாடியா?

தை மாதம். சம்பா அறுவடை முடிந்து எங்கு பார்த்தாலும் வைக்கோல் கட்டிக்கொண்டிருந்த நேரம். திருவாரூர் மாவட்டத்தில் ஒரு கிராமம். பொழுது சாய்ந்த பிறகு மாட்டுக்காக ஒரு சுமை வைக்கோலைத் தூக்கப்போன அம்மாவுக்கு இடது கணுக்காலுக்குக் கீழே சுருக்கென்றது. வயது 48, விவசாயக் கூலி வேலை. சர்க்கரை, ரத்த அழுத்தம் எதுவும் கிடையாது. மணி 6.15 இருக்கும். எது கடித்தது என்று அவரும் பார்க்கவில்லை, சத்தம் கேட்டு ஓடிவந்த மகனும் பார்க்கவில்லை. செல்போன் வெளிச்சத்தில் இரண்டு சின்னப் புள்ளிகளும் ஒரு சொட்டு ரத்தமும் தெரிந்தன, அவ்வளவுதான்.

நான் டெல்டாவில் உள்ள ஓர் அரசு மருத்துவமனை லேபில் வேலை பார்க்கிறேன். அன்று எனக்கு இரவு டூட்டி. குடும்பத்தின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஊர்ப் பெயரையும் தேதியையும் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். அந்த அம்மா நலமாக வீடு திரும்பிவிட்டார். ஆனால் அன்று அவரை ஆபத்தில் தள்ளியது பாம்பு அல்ல, ஒரு டெஸ்ட் டியூப். அதனால்தான் இதை முழுதாக எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது.

முதல் மூன்று மணி நேரம்

மகன் அவரை பைக்கில் நடுவில் உட்கார வைத்து, பின்னால் ஒருவர் பிடித்துக்கொள்ள, 7.10-க்குப் பக்கத்திலிருந்த மருத்துவமனையில் சேர்த்துவிட்டார். கட்டுப்போடவில்லை, கீறவில்லை, மந்திரிக்கப் போகவில்லை. இந்த மூன்றையும் செய்யாமல் நேரே வந்ததே பெரிய விஷயம்.

அங்கே அந்த அம்மா சொன்னது, "பூச்சி தொட்டுடுச்சும்மா." இருட்டிய பிறகு பாம்பு என்று வாய்விட்டுச் சொல்லக்கூடாது என்பது நம் பக்கத்து வழக்கம். வெளியூர்க்காரர் யாராவது டூட்டியில் இருந்திருந்தால் பூச்சிக்கடி என்று எழுதி ஒரு ஊசியோடு அனுப்பியிருக்கலாம். அந்த நர்ஸ் இந்த மண்ணைச் சேர்ந்தவர், புரிந்துகொண்டார். உடனே ரத்தம் எடுத்து டியூபில் விட்டு 20 நிமிடம் அசைக்காமல் வைத்தார்கள். 7.35-க்குச் சாய்த்துப் பார்த்தபோது ரத்தம் தண்ணீர் போல ஓடியது. உறையவில்லை.

விரியன் கடியில் இதுதான் அபாய மணி. விதிப்படி பத்து குப்பி விஷமுறிவு மருந்தை சலைனில் கலந்து ஏற்ற ஆரம்பித்தார்கள். இந்த மருந்து குதிரையின் உடலில் உருவான எதிர்ப்புரதம். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் சேர்த்து ஒரே மருந்து. உயிரைக் காக்கும், ஆனால் வேற்று உயிரின் புரதம் என்பதால் சிலருக்கு உடல் கடுமையாக எதிர்வினை காட்டும். இந்த அம்மாவுக்கும் அப்படித்தான் ஆனது. கால் மணி நேரத்தில் உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சிரைப்பு, ரத்த அழுத்தம் 80/50. மருந்தை நிறுத்தி, தொடையில் 0.5 மி.கி. அட்ரினலின் போட்டார்கள். சில நிமிடம் கழித்து இன்னொன்று. அழுத்தம் மேலே வந்ததும் 108-ல் ஏற்றி எங்களிடம் அனுப்பினார்கள். அவர்கள் செய்ததில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. சரியான வேகத்தில் சரியான முடிவுகளைத்தான் எடுத்தார்கள்.

எங்களிடம் வந்தபோது மணி 9.20. கலந்த மருந்தில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய இரண்டு குப்பி, உள்ளே போயிருந்தது. கடித்த இடத்தில் லேசான வீக்கம். ஈறில் ரத்தக் கசிவு இல்லை, சிறுநீர் தெளிவு, கண் இமை இறங்கவில்லை. டூட்டி டாக்டர் லேபுக்கே நடந்து வந்துவிட்டார். "மிச்சம் எட்டு குப்பியைப் போடுறதா வேணாமா? போட்டா மறுபடி ரியாக்‌ஷன் வரலாம். போடாம விட்டு நெஜமாவே விரியனா இருந்தா..." முடிக்கவில்லை. முடிக்கவும் தேவையில்லை.

கணக்கு உதைத்தது

9.30-க்கு நானே போய் ரத்தம் எடுத்தேன். ஸ்டோரில் புதுக் கண்ணாடி டியூப் ஒரே ஒரு பெட்டி மிச்சமிருந்தது. அதிலிருந்து இரண்டை எடுத்து, ஒன்றில் அந்த அம்மாவின் ரத்தம் 2 மி.லி., இன்னொன்றில் ஒப்பிட்டுப் பார்க்க என் ரத்தம் 2 மி.லி. இரண்டையும் ஸ்டாண்டில் நிறுத்தி, யாரும் தொடாதபடி பக்கத்திலேயே நின்றேன். 9.50-க்குச் சாய்த்தேன். இரண்டும் கெட்டித் தயிர் போல நின்றன. தலைகீழாகக் கவிழ்த்தாலும் விழவில்லை.

டாக்டர் முதலில் சொன்னது, "ரெண்டு குப்பியிலேயே சரியாயிடுச்சா?"

எல்லாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் கணக்கு உதைத்தது. ஏன் என்று சொல்ல, கண்ணாடி விரியனின் நஞ்சு ரத்தத்தில் என்ன செய்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

அந்த நஞ்சில் ஒரு நொதி இருக்கிறது. ரத்தம் உறைவதற்கான சங்கிலியில் பத்தாம் காரணி என்ற புரதத்தைக் குறிப்பிட்ட ஓர் இடத்தில் வெட்டி, அதை முடுக்கிவிடுவதுதான் அதன் வேலை. 2007-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இந்த நொதியின் முப்பரிமாண அமைப்பைப் படிகமாக்கிக் கண்டுபிடித்தபோது, அதன் உருவத்தைக் கொக்கி வைத்த ஸ்பேனருக்கு ஒப்பிட்டார்கள். ஒரு முனை பத்தாம் காரணியைக் கொக்கிபோட்டுப் பிடித்துக்கொள்ளும், மறு முனை வெட்டும். பத்தாம் காரணி முடுக்கப்பட்டால் த்ராம்பின் உருவாகும். த்ராம்பின், ரத்தத்தில் கரைந்திருக்கும் ஃபைப்ரினோஜென் என்ற உறைபொருளை நாராக மாற்றும். காயமே இல்லாத இடத்தில் ரத்த ஓட்டம் முழுக்க இது நடந்துகொண்டே இருந்தால், ஒரு கட்டத்தில் ஃபைப்ரினோஜெனே தீர்ந்துபோகும். அதற்கு மேல் ரத்தம் உறையாது. நஞ்சு ரத்தத்தை நீர்க்கச் செய்கிறது என்று பொதுவாகச் சொல்கிறோம். உண்மையில் அளவுக்கு மீறி உறைய வைத்தே உறைபொருளைக் காலி செய்கிறது.

விஷமுறிவு மருந்து அந்த நொதியைப் பிடித்து முடக்கும். ஆனால் தீர்ந்துபோன ஃபைப்ரினோஜெனைத் திருப்பித் தராது. நம் ஊரில் யாருக்கும் இதைச் சொல்லிப் புரியவைக்கலாம்: ஏரிக்கரை உடைந்து தண்ணீர் ஓடிவிட்டது. உடைப்பை அடைத்துவிடலாம், ஆனால் ஏரி நிரம்பப் புதுத்தண்ணீர் வந்தாக வேண்டும். இங்கே புதுத்தண்ணீர் கல்லீரலிலிருந்து வருகிறது, அதற்கு ஏறக்குறைய ஆறு மணி நேரம் பிடிக்கும். மருந்து போட்டு ஆறு மணி நேரம் கழித்துத்தான் உறைதல் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும் என்ற விதி இதிலிருந்து வந்ததுதான்.

இங்கே முதல் சோதனை 7.15, இரண்டாவது 9.30. நடுவில் இரண்டேகால் மணி நேரம். அதற்குள் ஏரி வறண்டு, உடைப்பு அரைகுறையாக அடைபட்டு, விளிம்பு வரை நிரம்பியும் விட்டதா? நடக்காது. ஆக, 7.15-க்கு ஏரி வறண்டிருக்கவே இல்லை. முதல் சோதனைதான் தவறு.

இதை டாக்டரிடம் சொன்னபோது, "உங்க லாஜிக் சரி, ஆனா நான் பிடி டெஸ்ட் பார்த்துட்டுத்தான் முடிவெடுப்பேன்" என்றார். பிடி என்பது புரோத்ராம்பின் நேரம், ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளக்கும் லேப் சோதனை. அவர் கேட்டது நியாயம். பத்தரைக்கு முடிவு வந்தது. புரோத்ராம்பின் நேரம் இயல்பு, அதை ஒப்பிட்டுச் சொல்லும் ஐஎன்ஆர் எண் 1.1. ஃபைப்ரினோஜெனும் இயல்பு அளவில்தான். மிச்ச எட்டு குப்பியையும் நிறுத்திவைத்தார். முதல் மூன்று மணி நேரம் மணிக்கு ஒரு தடவை, அப்புறம் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை, 24 மணி நேரம் புதுக் கண்ணாடி டியூபிலேயே பார்த்தோம். எல்லாமே உறைந்தன. வீக்கம் மறுநாள் வடிந்தது. விஷமில்லாத பாம்பாக இருக்கலாம், அல்லது விரியனே நஞ்சை இறக்காமல் கடித்திருக்கலாம். அப்படியும் நடப்பதுண்டு. எது என்று தீர்மானிக்க வழியில்லை, சிகிச்சைக்கு அது தேவைப்படவும் இல்லை.

சுவரும் ஒரு மருந்துதான்

இரவு பதினொன்றரைக்கு அந்த முதல் மருத்துவமனைக்கு போன் செய்தேன். "சிஸ்டர், குறை சொல்லக் கூப்பிடல. அந்த டியூப் கண்ணாடியா, பிளாஸ்டிக்கா?"

"பிளாஸ்டிக்தான் சார். கண்ணாடி உடையுதுன்னு இப்ப வர்றதே இல்ல."

ரத்தம் தானாக உறைகிறது என்று நினைக்கிறோம். டியூபுக்குள் விட்ட ரத்தம் தானாக உறைவதில்லை. எதையாவது தொட்டு உறைகிறது. கண்ணாடியின் மேல்பரப்பில் சிலிக்கா இருக்கிறது, ஈரம் பட்டதும் அது எதிர்மின்னேற்றம் கொள்ளும். ரத்தத்தில் உள்ள பன்னிரண்டாம் காரணி என்ற புரதம் அந்தப் பரப்பில் போய் ஒட்டிக்கொண்டு, வடிவம் மாறி, தன்னைத்தானே முடுக்கிக்கொள்ளும். அங்கிருந்து சங்கிலி தொடங்குகிறது. சாதாரண பிளாஸ்டிக்கில் இந்த மின்னேற்றம் இல்லை. பன்னிரண்டாம் காரணிக்கு உட்கார இடமில்லை. ரத்தம் நல்ல ரத்தமாகவே இருக்கும், ஆனால் 20 நிமிடத்தில் உறையாமல் போகலாம். சோப்புத்தூள் போட்டுக் கழுவிய கண்ணாடியிலும் இதே கதை நடக்கலாம். சோப்பின் மெல்லிய படலம் கண்ணாடியை மூடிவிடுகிறது.

இந்தப் பன்னிரண்டாம் காரணி உலகத்துக்குத் தெரிந்ததே ஓர் ஆச்சரியமான ஆளால்தான். அமெரிக்காவில் ஜான் ஹேகமன் என்று ஒரு ரயில்வே தொழிலாளி. அறுவை சிகிச்சைக்கு முன்னால் ரத்தத்தைச் சோதித்தபோது கண்ணாடி டியூபில் உறையவே நேரமானது. ஆனால் அவருக்கு வாழ்நாளில் ரத்தக் கசிவுத் தொல்லை எதுவும் இருந்ததில்லை. ஆஸ்கார் ராட்னாஃப் என்ற மருத்துவர் ஆராய்ந்து, அவர் உடலில் ஒரு புரதம் இல்லை என்று 1955-ல் எழுதினார். அதுதான் பன்னிரண்டாம் காரணி, இன்றும் ஹேகமன் காரணி என்ற பெயர் அதற்கு உண்டு. 1968-ல் ஹேகமன் இறந்தது ரத்தம் உறையாமல் அல்ல, நுரையீரலில் ரத்தக்கட்டு அடைத்து. உடம்பில் காயத்து ரத்தம் நிற்க அந்தப் புரதம் அவ்வளவாகத் தேவையில்லை. கண்ணாடி டியூபுக்குள் அது இல்லாமல் முடியாது. ஆக, நாம் செய்யும் இந்தச் சோதனையில் டியூபின் சுவரும் ஒரு ரசாயனப் பொருள். சுவரை மாற்றினால் சோதனையே மாறிவிடும்.

உலக சுகாதார நிறுவனத்தின் தென்கிழக்கு ஆசியாவுக்கான வழிகாட்டியில் இது தெளிவாகவே இருக்கிறது: புதிய அல்லது வெப்பத்தால் சுத்தம் செய்த, உலர்ந்த, சாதாரணக் கண்ணாடி. சந்தேகம் வந்தால் நலமான ஒருவரின் ரத்தத்தோடு சேர்த்துத் திரும்பச் செய்ய வேண்டும். எழுதியிருக்கிறது. ஆனால் பொருள் வாங்கும் பட்டியலைத் தயாரிப்பவர் அந்த வழிகாட்டியைப் படிப்பதில்லை. அவருக்கு டியூப் என்றால் டியூப்.

மறுநாள் காலை டூட்டி முடிந்தும் வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. நானும் இரண்டு சக ஊழியர்களும் எங்கள் ரத்தத்தையே எடுத்து வெவ்வேறு டியூபில் விட்டுப் பார்த்தோம். புதுக் கண்ணாடியில் மூவரின் ரத்தமும் 20 நிமிடத்துக்கு முன்பே கெட்டியானது. சாதாரண பிளாஸ்டிக்கில் இருவருடையது 20 நிமிடத்தில் ஓடியது, ஒருவருடையது அரைகுறை. எங்கள் லேபிலேயே சோப்புத்தூளில் கழுவி அடுக்கியிருந்த கண்ணாடி டியூபிலும் ஒருவருடையது உறையவில்லை. அதைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. மூன்று பேரை வைத்துச் செய்ததை ஆய்வு என்று சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் அலமாரியிலும் அதே தவறு காத்திருந்தது என்று காட்ட அது போதும்.

எதிர்த்திசையிலும் ஒரு குழி உண்டு. சிவப்பு மூடி போட்ட பிளாஸ்டிக் டியூப்களில் பெரும்பாலானவற்றின் உள்சுவரில் ரத்தத்தைச் சீக்கிரம் உறைய வைக்கச் சிலிக்காத் துகள் பூசியிருப்பார்கள். கொள்ளிடத்து மணலில் இருப்பதும் அதே சிலிக்காதான். அதில் இந்தச் சோதனையைச் செய்தால், நஞ்சேறிய ரத்தத்தில் மிச்சமிருக்கும் கொஞ்ச ஃபைப்ரினோஜெனும் கட்டிபோல் திரண்டு, "உறைந்துவிட்டது" என்று நம்மை நம்பவைத்துவிடலாம். முதல் தவறில் தேவையில்லாமல் மருந்து ஏறும். இந்தத் தவறில் தேவையானவருக்கு மருந்து ஏறாது. இலங்கையில் நடந்த ஓர் ஆய்வில், 2013-ல் வெளியானது, சாதாரண வார்டு நடைமுறையில் செய்த இந்த 20 நிமிடச் சோதனை உண்மையான பாதிப்பில் பாதியைக்கூடக் கண்டுபிடிக்கவில்லை. 2017-ல் அங்கேயே, பயிற்சி பெற்றவர்கள் முறைப்படி செய்தபோது ஐந்தில் நான்கு பேருக்கும் மேல் சரியாகப் பிடித்தார்கள். சோதனை ஒன்றுதான். செய்த விதம்தான் வேறு.

புதிய புரதங்கள் எப்போது நம் வயலுக்கு வரும்?

பாம்பு நஞ்சுப் புரதங்களைப் பற்றிய ஆராய்ச்சி சமீபத்தில் வேகம் எடுத்திருக்கிறது. 2020-ல் நல்ல பாம்பின் முழு மரபணுத் தொகுப்பு வெளிவந்தது. அதில் 139 நஞ்சு மரபணுக்களை அடையாளம் கண்டார்கள். 2025 ஜனவரியில், முந்தைய ஆண்டு வேதியியல் நோபல் பெற்ற டேவிட் பேக்கரின் குழு, கணினியிலேயே புத்தம்புதிதாக வடிவமைத்த சிறு புரதங்களால் நல்ல பாம்பு வகையின் நரம்பு நஞ்சைத் தடுத்து எலிகளைக் காப்பாற்றிக் காட்டியது. குதிரை வேண்டாம், வேற்றுப் புரதத் தொல்லையும் குறையும். அந்த அம்மா மூச்சுத் திணறிய கால் மணி நேரத்தை நினைத்தால், இதன் அருமை எனக்கு நன்றாகவே தெரிகிறது. ஆனால் அது முடக்குவது மூவிரல் நஞ்சுகள் எனப்படும் நல்ல பாம்புக் குடும்பத்துப் புரதங்களை. கண்ணாடி விரியனின் கொக்கி ஸ்பேனரை அல்ல.

கண்டறிதலிலும் வேலை நடக்கிறது. ஆஸ்திரேலியாவில் எந்தப் பாம்பின் நஞ்சு என்று சொல்லும் சோதனைப் பெட்டி பல ஆண்டுகள் புழக்கத்தில் இருந்தது. அங்கே பாம்பு வகைக்கு வகை தனி மருந்து உண்டு என்பதால் அது உதவியது. நமக்கு நான்குக்கும் ஒரே மருந்து. இங்கே முதல் கேள்வி, எந்தப் பாம்பு என்பதல்ல, நஞ்சு ஏறியதா இல்லையா என்பது. கர்ப்பப் பரிசோதனை அட்டை போல ஒரு சொட்டு ரத்தத்தில் நஞ்சைக் காட்டும் அட்டை வந்தால் நான்தான் முதலில் சந்தோஷப்படுவேன். ஆனால் அதற்கு இரண்டு சிக்கல் இருக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் கார்த்திக் சுனகரின் குழு, 34 இடங்களிலிருந்து 115 கண்ணாடி விரியன்களின் நஞ்சை ஒப்பிட்டு 2025-ல் காட்டியது போல, அதே பாம்பின் நஞ்சு இடத்துக்கு இடம், தட்பவெப்பத்துக்கு ஏற்ப மாறுகிறது. ஓர் ஊர் நஞ்சை வைத்துச் செய்த அட்டை இன்னோர் ஊரில் தடுமாறலாம். இரண்டாவது, இந்த நோயாளியைப் போல மருந்து கொஞ்சம் ஏறிய பிறகு வந்தால், அட்டை தேடும் நஞ்சின் பரப்பை மருந்தே மூடியிருக்கும். அட்டை எதையும் காட்டாமல் போகலாம். உறைதல் சோதனைக்கு அந்தக் குழப்பம் இல்லை. அது நஞ்சைத் தேடவில்லை, நஞ்சு செய்த வேலையைப் பார்க்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதே கண்ணாடி விரியன் நஞ்சு உலகம் முழுவதும் லேப்களில் ஒரு சோதனைப் பொருள். 1986-ல் தியாகராஜன், பெங்கோ, ஷபிரோ மூவரும் எழுதிய கட்டுரைக்குப் பிறகு, நீர்த்த விரியன் நஞ்சைச் சேர்த்து உறையும் நேரத்தைப் பார்ப்பது, கர்ப்பம் திரும்பத் திரும்பக் கலையும் பெண்களிடமும் காரணமில்லாமல் ரத்தக்கட்டு வருபவர்களிடமும் ஒரு குறிப்பிட்ட எதிர்ப்பொருளைக் கண்டுபிடிக்கும் முறையாகிவிட்டது. பத்தாம் காரணியை நேராகப் பிடிக்கும் அந்தக் கொக்கி, ஆளைக் கொல்வதற்கும் நோயைக் கண்டுபிடிப்பதற்கும் ஒன்றேதான். வரப்பில் அந்த விரியன் கடித்தவரின் ரத்தத்தை அளக்க மட்டும் நம்மிடம் சரியான டியூப் இல்லை என்றால் எனக்குப் பொறுக்கவில்லை.

தமிழ்நாட்டில் 2024 நவம்பரில் பாம்புக்கடி அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவிக்கப்பட்டது. நல்ல முடிவு. எண்ணிக்கை சரியாக வந்தால்தான் மருந்து சரியாகப் போகும். அந்த எண்ணிக்கைக்கு அடியில் இருப்பதும் பெரும்பாலும் இந்த 20 நிமிடம்தான்.

அந்த வாரமே எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவில் ஒரு பிளாஸ்டிக் டப்பா வைத்தோம். உள்ளே இருபது புதுக் கண்ணாடி டியூப், ஒரு டைமர். மூடியில் பெரிதாக எழுதி ஒட்டினோம்: "பாம்புக்கடிக்கு மட்டும். கழுவி மறுபடி வைக்காதீர்கள். கூடவே ஒருவரின் நல்ல ரத்தமும் வையுங்கள்." முதல் மருத்துவமனையின் சிஸ்டருக்கும் பத்து டியூப் கொடுத்து அனுப்பினேன்.

மாசி முடிவில் அங்கிருந்தே ஒருவர் வந்தார். உளுந்து வயலில் கடி, முப்பது வயது இளைஞர். சீட்டில் சிஸ்டரின் கையெழுத்தில் இருந்தது: "20 நிமிடம், புதுக் கண்ணாடி, உறையவில்லை. என் ரத்தம் உறைந்தது." பத்து குப்பியும் அங்கேயே ஏற்றி முடித்து அனுப்பியிருந்தார்கள். விடியற்காலை நாலு மணிக்கு, மருந்து முடிந்து ஆறு மணி நேரம் ஆனதும், நான் டியூபைச் சாய்த்தேன். நின்றது.